வெண்கலம் கிடைத்தும் பாரிஸ் கிடைக்காதது ஏன்? குத்துச்சண்டைத் தகுதிச் சுற்றுகள் பற்றி ஒரு விரிவான பதில்

நீங்கள் கேட்டிருப்பது இது: 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் நிகத் ஜரீன், ப்ரீத்தி பவார், பர்வீன் ஹூடா, நரேந்தர் பெர்வால் ஆகிய நால்வரும் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றார்கள், முதல் மூவருக்கும் அங்கேயே பாரிஸ் ஒலிம்பிக் இடம் கிடைத்தது, நரேந்தருக்குக் கிடைக்கவில்லை, ஒரே பதக்கம் வாங்கியவர்களுக்குள் இந்த வேறுபாடு எப்படி? கூடவே, குத்துச்சண்டை பயிலும் உங்கள் அண்ணன் மகளிடம் “எல்லாம் அதிர்ஷ்டம்தான்” என்று சொல்லிவிடலாமா என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு இரண்டு வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது இரண்டாவதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: தகுதி பெறுவதில் திறமையின் பங்கு எவ்வளவு, இடங்களின் கணக்கின் பங்கு எவ்வளவு, தற்செயலின் பங்கு எவ்வளவு?

பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பை முடித்தபின் சென்னையில் இளையோருக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். மாநிலப் போட்டிகளில் புள்ளி நடுவராகவும் இருந்து வருகிறேன். ஒலிம்பிக் தகுதிச் சுற்று எதிலும் நான் நடுவராக அமர்ந்ததில்லை. ஆகவே விதிகளைப் பற்றி நான் சொல்பவை வெளியிடப்பட்ட ஆவணங்களிலிருந்து வருபவை; எடை, டிரா (யாருக்கு எதிரே யார் என்று குலுக்கிப் போடுவது), மனநிலை பற்றிச் சொல்பவை வளையத்தின் ஓரத்தில் நின்று கற்றவை. இரண்டையும் ஒரே உறுதியோடு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். பாரிஸில் குத்துச்சண்டைக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 248. ஆண்களுக்கு 124, பெண்களுக்கு 124. ஆனால் ஆண்களுக்கு ஏழு எடைப்பிரிவுகள், பெண்களுக்கு ஆறுதான். சம எண்ணிக்கையை ஏழால் வகுப்பதற்கும் ஆறால் வகுப்பதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் நரேந்தரின் கதை தொடங்குகிறது: பெண்கள் பிரிவொன்றுக்குச் சராசரியாக 20-க்குச் சற்று மேல், ஆண்கள் பிரிவொன்றுக்கு 18-க்குச் சற்றுக் கீழ். இதில் ஆசியாவின் பங்காக ஹாங்சோவில் வைக்கப்பட்டவை 34 இடங்கள். ஆண்களுக்கு ஏழு பிரிவுகளிலும் இறுதிக்கு வரும் இருவருக்கு மட்டும், ஆக 14. பெண்களில் 50, 54, 57, 60 கிலோ பிரிவுகளில் அரையிறுதிக்கு வரும் நால்வருக்கும், ஆக 16. பெண்களின் 66, 75 கிலோ பிரிவுகளில் மீண்டும் இறுதிக்கு வருவோருக்கு மட்டும், ஆக 4. நிகத் 50 கிலோவிலும், ப்ரீத்தி 54 கிலோவிலும், பர்வீன் 57 கிலோவிலும் ஆடியவர்கள். மூவரும் அரையிறுதியில் தோற்றார்கள். ஆனால் அவர்களுடைய இடம் காலிறுதியிலேயே உறுதியாகியிருந்தது. நரேந்தர் 92 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் அரையிறுதியில் கஜகஸ்தானின் கம்ஷிபெக் குன்கபாயெவிடம் தோற்றார். அவருக்குரிய கோடு அந்த அரையிறுதிக்கு அப்பால் போடப்பட்டிருந்தது.

லவ்லினா போர்கோஹைனையும் இதே வரிசையில் வைத்துப் பாருங்கள். 75 கிலோவில் அவர் இறுதி வரை வந்து, சீனாவின் லி கியானிடம் தோற்று வெள்ளி வாங்கினார், இடமும் கிடைத்தது. ஒரு சண்டைக்கு முன்னால் அவர் தோற்றிருந்தால், பெண்ணாக இருந்தும் நரேந்தரின் நிலைதான் அவருக்கும். ஆகவே ஆண், பெண் என்ற பாகுபாடு இங்கே நேரடியாக வேலை செய்யவில்லை. ஒவ்வொரு எடைக்கும் எத்தனை இடம் என்பதே வேலை செய்தது. பதக்கத்தின் கணக்கு வேறு. குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்கும் இருவருக்கும் வெண்கலம் உண்டு, மூன்றாம் இடத்துக்கு அவர்களை மோதவிடுவதில்லை. பதக்க மேடையும் கோட்டாக் கோடும் (ஒலிம்பிக் இடம் உறுதியாகும் எல்லை) ஒரே இடத்தில் விழ வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இதனால் தகுதிச் சுற்றுக்கு என்று ஒரு தனித்த இயல்பு உண்டு. வழக்கமான போட்டியில் சண்டைகள் போகப்போகக் கனமாகி இறுதியில் உச்சத்தை அடையும். தகுதிச் சுற்றில் உச்சம் நடுவில் எங்கேயோ இருக்கும். காலிறுதியிலோ அரையிறுதியிலோ, அந்த எடைக்கான கோடு எங்கே விழுகிறதோ அங்கே. பயிற்சியாளர்கள் அதைக் கோட்டா சண்டை என்பார்கள். அணியினர் அட்டவணையைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது அந்தச் சண்டையில் எதிரே யார் வரக்கூடும் என்பதைத்தான். உடலின் சேமிப்பு, முந்தைய சண்டைகளில் எவ்வளவு காட்டுவது, எதை மறைப்பது, இடது கைப் பழக்கமுள்ளவரை எதிர்கொள்ளும் ஒத்திகையை எந்த நாளில் செய்வது எல்லாம் அதையொட்டியே திட்டமிடப்படும். கோட்டைத் தாண்டியபின் நடக்கும் சண்டைகளில் சிலர் ஆடும் விதம் மந்தமாகத் தெரிந்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை; காயத்தோடு ஊர் திரும்ப யாருக்கும் விருப்பமில்லை.

சில நேரம் அந்தக் கோட்டை வேறொருவர் தாண்டித் தருவதும் உண்டு. 2012-இல் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது, சீனாவின் சின்ஹுவாங்தாவோவில் நடந்த உலகப் போட்டியே தகுதிச் சுற்றாகவும் இருந்தது. மேரி கோம் காலிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்றுவிட்டார். அடுத்து ஆடம்ஸ் தம் அரையிறுதியில் வென்றதால்தான் விதிப்படி மேரிக்கு லண்டன் செல்லும் இடம் கிடைத்தது. லண்டன் அரையிறுதியில் மேரியை மறுபடியும் வீழ்த்தியவர் அதே ஆடம்ஸ்தான், தங்கமும் அவருக்கே. இந்தியாவின் ஒலிம்பிக் பதக்கங்களில் ஒன்று, ஓர் எதிராளியின் வெற்றி வழியாக நமக்கு வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நரேந்தருக்கு ஹாங்சோவோடு கதவு அடைக்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாரிஸுக்கான ஏற்பாட்டில் முதலில் கண்டங்கள் அளவிலான சுற்றுகள்: ஆசியாவின் 34 போக, ஐரோப்பாவுக்கு 44, அமெரிக்கக் கண்டங்களுக்கு 30, ஆப்பிரிக்காவுக்கு 18, ஓசியானியாவுக்கு 13. அதன்பின் 2024-இல் இரண்டு உலகத் தகுதிச் சுற்றுகள், முதலாவது பிப்ரவரி இறுதியில் தொடங்கி மார்ச்சில் முடிந்த இத்தாலியின் புஸ்தோ அர்சிசியோவில், அடுத்தது மே இறுதியில் பாங்காக்கில். ஒரு நாடு ஓர் எடைக்கு ஒருவரைத்தான் ஒலிம்பிக்குக்கு அனுப்ப முடியும். அந்த எடையில் ஏற்கெனவே இடம் பெற்ற நாடு பிந்தைய சுற்றுக்கு ஆள் அனுப்புவதில்லை. எனவே பிந்தைய சுற்றுகளில் முதல் வரிசைப் பெயர்கள் சில குறையும், ஆனால் கூட்டம் பெருகும். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட சுற்றுகள் அவை. கண்டச் சுற்றில் மூன்று வெற்றியில் கிடைத்திருக்கக்கூடிய இடத்துக்கு இங்கே நான்கோ ஐந்தோ வெற்றி தேவைப்படலாம்.

இத்தாலிக்கு இந்தியா ஒன்பது பேரை அனுப்பியது. ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை. அப்போது நம் ஊடகங்களில் எழுந்த கூச்சல் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் யாரிடம் தோற்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நரேந்தரை வெளியேற்றியவர் ஜெர்மனியின் நெல்வி தியாஃபாக். 71 கிலோவில் இன்னும் ஒரு வெற்றி கிடைத்திருந்தால் இடம் உறுதி என்ற நிலையில் நிஷாந்த் தேவ் என்பவரை வென்றவர் அமெரிக்காவின் ஓமரி ஜோன்ஸ். பாரிஸில் அந்த இருவருமே வெண்கலம் வென்றார்கள். அதே புஸ்தோ அர்சிசியோவில்தான் கேமரூனில் பிறந்து இங்கிலாந்தின் போல்டனில் வாழும் சிண்டி என்காம்பா, பிரிட்டன் குடியுரிமை இல்லாத காரணத்தால் அகதிகள் அணியின் பெயரில் 75 கிலோவில் தகுதி பெற்றார். பாரிஸில் அவர் பெற்ற வெண்கலம் அந்த அணியின் முதல் ஒலிம்பிக் பதக்கமாயிற்று. ஒரு தகுதிச் சுற்றில் தோற்றவரின் தரத்தை, அவர் தோற்ற ஆள் பின்னர் எங்கே போய் நின்றார் என்பதைப் பார்க்காமல் எடைபோடுவது தவறு. பாங்காக்கில் நிஷாந்த், அமித் பங்கால், ஜாஸ்மின் லம்போரியா மூவரும் இடம் பெற்றார்கள். நரேந்தருக்கு அங்கும் கிடைக்கவில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது இடங்களின் எண்ணிக்கை இரண்டு, நான்கு என்று சீராக வராத பிரிவுதான். பாங்காக்கில் ஆண்கள் 57 கிலோவில் மூன்று இடங்கள். இறுதிக்கு வந்த இருவருக்கு இரண்டு. மூன்றாவதற்கு அரையிறுதியில் தோற்ற இருவரும் மோத வேண்டும். சச்சின் சிவாச் அரையிறுதியிலும் தோற்று, அந்தக் கூடுதல் சண்டையிலும் கிர்கிஸ்தான் வீரரிடம் தோற்று, மயிரிழையில் பாரிஸை இழந்தார். இதன் மறுபக்கத்தை 2020 மார்ச்சில் ஜோர்டானின் அம்மான் நகரில் பார்த்தோம். டோக்கியோவுக்கான அந்த ஆசிய-ஓசியானியச் சுற்றில் 63 கிலோவுக்கு ஆறு இடங்கள். காலிறுதியில் தோற்ற மணீஷ் கௌஷிக் கூடுதல் சண்டையில் ஆஸ்திரேலியாவின் ஹாரி கார்சைடை வென்று, அந்தச் சுற்றில் தகுதி பெற்ற ஒன்பதாவது இந்தியரானார். கார்சைடும் பிறகு டோக்கியோவுக்கு வந்தார். மணீஷ் அங்கே முதல் சண்டையிலேயே வெளியேற, கார்சைட் வெண்கலம் வென்றார். ஒருநாள் முன்பு தோற்ற மனத்தோடு, வீங்கிய முகத்தோடு, மறுபடியும் எடை பார்த்து வளையம் ஏறுவது எப்படிப்பட்டது என்பதை விதிப்புத்தகம் சொல்லாது. அந்தச் சண்டைகளில் நுட்பத்தைவிட, முந்தைய நாள் தோல்வியை யார் முதலில் மறக்கிறார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. இதற்கு என்னிடம் புள்ளிவிவரம் இல்லை, பார்த்த பழக்கம்தான்.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. தொழில்முறைக் குத்துச்சண்டையில் சண்டைக்கு முந்தைய நாள் ஒருமுறை எடை பார்ப்பார்கள். பிறகு ஒரு நாள் முழுவதும் தண்ணீரும் உணவும் எடுத்து உடலை மீட்டுக்கொள்ளலாம். ஒலிம்பிக் வகைப் போட்டியில் சண்டை உள்ள ஒவ்வொரு நாளும் காலையில் எடைக்கருவியில் ஏற வேண்டும். பத்து நாளில் நான்கு ஐந்து சண்டை என்றால் நான்கு ஐந்து முறை அதே அளவுக்குள் இருக்க வேண்டும். முகாமில் 55 கிலோவுக்கு இருக்கும் பையன் 51-இல் ஆடினால், முதல் நாள் அவன் எடையைத் தொட்டுவிடுவான். மூன்றாவது முறை தொடும்போது கால்கள் நடுங்கும். மாநிலப் போட்டிகளிலேயே இதைப் பார்க்கிறேன்: முதல் ரவுண்டில் அழகாக ஆடுபவன் மூன்றாவதில் கைகளைத் தூக்க முடியாமல் கயிற்றோரம் ஒதுங்குகிறான், பெற்றோர் பயிற்சி போதவில்லை என்கிறார்கள். பயிற்சி போதுமானதாகத்தான் இருந்திருக்கும். முந்தைய இரவு அவன் வெந்நீர்க் குளியலறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

இதோடு ஒலிம்பிக்கில் இருக்கும் எடைப்பிரிவுகள் உலகப் போட்டிகளில் இருப்பவற்றைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமித் பங்கால் 2018 ஆசியப் போட்டியில் 49 கிலோவில், ரியோ ஒலிம்பிக் சாம்பியன் ஹசன்பாய் துஸ்மதோவை வீழ்த்தித் தங்கம் வென்றவர். டோக்கியோவில் அந்தப் பிரிவே நீக்கப்பட்டது. அவர் 52-க்கு ஏற வேண்டியதாயிற்று, பாரிஸுக்கு அது 51 ஆயிற்று. லவ்லினா டோக்கியோவில் 69 கிலோவில் வெண்கலம் பெற்றார்; பாரிஸில் பெண்களுக்கு 66-உம் 75-உம்தான், அவர் 75-க்குப் போனார். நிகத் 2022-இல் இஸ்தான்புல்லில் உலகப் பட்டம் வென்றது 52-இல். ஒலிம்பிக்குக்காக 50-க்கு இறங்கினார். ஜாஸ்மின் இத்தாலியில் 60 கிலோவில் ஆடித் தோற்று, சில வாரங்களில் பாங்காக்கில் 57-இல் ஆடினார். இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று எழுதும்போது சிறியதாகத் தெரிகிறது. 50 கிலோ உடலுக்கு இரண்டு கிலோ என்பது நூற்றுக்கு நான்கு பங்கு; அதுவும் எதிரே நிற்பவரின் கை நீளமும் உயரமும் ஒவ்வொரு பிரிவிலும் மாறிவிடும்.

ஜாஸ்மினுக்கு அந்த வாய்ப்பு ஏன் வந்தது என்பதும் உங்கள் கேள்வியைச் சார்ந்ததே. நீங்கள் குறிப்பிட்ட மூவரில் பர்வீன் ஹூடா பாரிஸுக்குப் போகவில்லை. ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் உள்ள விளையாட்டு வீரர்கள் தாங்கள் எங்கே தங்கியிருக்கிறோம், ஒவ்வொரு நாளும் எந்த ஒரு மணி நேரத்தில் எங்கே சோதனைக்குக் கிடைப்போம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்குள் மூன்று முறை இதில் தவறினால், மருந்து எதுவும் உட்கொள்ளாவிட்டாலும் அது விதிமீறல். பர்வீனுக்கு அப்படித்தான் தடை வந்தது. ஹாங்சோவில் பெற்ற இடமும் பறிபோயிற்று. இந்தியா பாங்காக்கில் 57 கிலோவுக்கு ஜாஸ்மினை அனுப்பி, கோட்டா சண்டையில் மாலி நாட்டு வீராங்கனையை அவர் வென்ற பிறகே அந்த இடம் திரும்பி வந்தது. வளையத்தில் வென்ற இடத்தைக் கைப்பேசியில் நிரப்பாத படிவத்தால் இழக்க முடியும் என்பதைப் பயிற்சி மையங்களில் யாரும் போதுமான அழுத்தத்தோடு சொல்லித்தருவதில்லை.

இனி உறுதியாகச் சொல்ல முடியாத பகுதிக்கு வருகிறேன். முதலில் டிரா. யாருக்கு எதிரே யார் என்பதில் தற்செயல் உண்டு. தரவரிசைப்படி முன்னணியினரைப் பிரித்து வைப்பது அந்தத் தற்செயலைக் குறைக்க உதவும் ஏற்பாடு. ஆனால் பாரிஸில் நிகத்துக்குத் தரவரிசை இடமே கிடைக்கவில்லை. இரண்டு முறை உலகச் சாம்பியனான அவர் இரண்டாவது சண்டையிலேயே முதல் தரவரிசையில் இருந்த சீனாவின் வூ யூவைச் சந்தித்துத் தோற்றார், வூ யூ தங்கம் வென்றார். நிகத் வென்ற உலகப் பட்டங்கள் பன்னாட்டுக் குத்துச்சண்டைச் சங்கம் நடத்திய போட்டிகளில் கிடைத்தவை. அந்தச் சங்கத்துக்கான அங்கீகாரத்தை ஒலிம்பிக் குழு 2019-இல் நிறுத்தி வைத்து, 2023 ஜூனில் முழுவதுமாக விலக்கிக்கொண்டது. டோக்கியோவையும் பாரிஸையும் அவற்றின் தகுதிச் சுற்றுகளையும் ஒலிம்பிக் குழுவே நடத்தியது. சங்கத்தின் உலகப் போட்டிகள் பாரிஸ் தரவரிசையில் கணக்கில் வரவில்லை. நிர்வாகச் சண்டையின் விலையை ஒரு வீராங்கனை டிராவில் கொடுத்தார் என்று நான் நினைக்கிறேன். தரவரிசை கிடைத்திருந்தால் பதக்கம் வந்திருக்குமா என்றால், அது ஊகம் மட்டுமே.

அடுத்தது தீர்ப்பு. ஐந்து நடுவர்கள், மூன்று ரவுண்டுகள், ரவுண்டில் மேலோங்கியவருக்குப் பத்து, மற்றவருக்கு ஒன்பதோ எட்டோ. இலக்குப் பரப்பில் சுத்தமாக விழும் குத்துகள், நுட்பத்தாலும் உத்தியாலும் பெறும் மேலாதிக்கம், போராடும் முனைப்பு, இவைதான் அளவுகோல்கள். தெளிவாக ஒருவர் மேலோங்கும் ரவுண்டில் ஐந்து நடுவர்களும் ஒன்றுபடுவார்கள். நெருக்கமான ரவுண்டில் வளையத்தின் எந்தப் பக்கத்தில் நாற்காலி போடப்பட்டிருக்கிறது என்பதுகூட வேறுபாட்டை உண்டாக்கும்: ஒருவரின் முதுகு மறைத்துவிட்டால் அந்தக் குத்து விழுந்ததா, கையுறையில் பட்டதா என்று எனக்கே தெரியாமல் போயிருக்கிறது. மூன்றுக்கு இரண்டு என்று முடியும் சண்டையைக் கொள்ளை என்று சொல்வதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும். நேர்மையான பிழைக்கு இடம் உண்டு.

நேர்மையற்றதும் நடந்திருக்கிறது. ரியோ 2016-க்குப் பிறகு அங்கே பணியாற்றிய 36 நடுவர்களும் ஒதுக்கிவைக்கப்பட்டார்கள்; 2021-இல் வெளிவந்த மெக்லாரன் விசாரணை அறிக்கை, ரியோவில் சண்டை முடிவுகள் திரிக்கப்பட்டன என்றும், அந்த முறைகேடு ரியோவுக்கான தகுதிச் சுற்றுகளிலேயே பழகிப் பார்க்கப்பட்டது என்றும் கண்டறிந்தது. ஒலிம்பிக் இறுதியை உலகமே பார்க்கும். ஒரு தகுதிச் சுற்றின் நான்காம் நாள் பிற்பகல் சண்டையை அரங்கில் இருக்கும் சில நூறு பேர் பார்ப்பார்கள். திருட்டுக்கு எது வசதியான இடம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதன்பின் நடுவர் தேர்வும் கண்காணிப்பும் இறுகியிருக்கின்றன. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். குறிப்பிட்ட ஒரு சண்டை திரிக்கப்பட்டது என்று ஆதாரமில்லாமலும் சொல்லமாட்டேன். பாரிஸ் காலிறுதியில் நிஷாந்த், மெக்சிகோவின் மார்கோ வெர்டேவிடம் நான்குக்கு ஒன்று என்று தோற்றது பலருக்கு ஏற்கவில்லை. எனக்கும் முதல் ரவுண்டு நிஷாந்துடையது என்பதில் ஐயமில்லை, கடைசி ரவுண்டில் அவர் களைத்திருந்தார் என்பதிலும் ஐயமில்லை.

சர்வதேசச் சுற்றுக்கு முன்னால் உள்நாட்டிலேயே ஒரு தகுதிச் சுற்று இருக்கிறது. பலருக்குக் கதவு அங்கேதான் மூடுகிறது. 2019-இல் அம்மானுக்கு 51 கிலோவில் யாரை அனுப்புவது என்ற கேள்வி எழுந்தபோது, நிகத் ஜரீன் விளையாட்டுத் துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதித் தேர்வுச் சண்டை கேட்டார். டிசம்பரில் தில்லியில் அது நடந்து மேரி கோம் வென்றார். தோற்றாலும் நிகத் கேட்டது நியாயம் என்பது என் நிலைப்பாடு. பின்னர் இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு, ஒரே சண்டையால் முடிவு செய்யாமல் சில வாரங்கள் முகாமில் மதிப்பிட்டுப் புள்ளி வழங்கும் முறைக்கு மாறியது. அந்த முறையில் ஹாங்சோவுக்கான 51 கிலோ இடம் தீபக் போரியாவுக்குப் போயிற்று. அமித் பங்கால் நீதிமன்றம் வரை சென்றும் பலனில்லை. கடைசியில் பாங்காக் என்ற ஒரே வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது, அதை அவர் பயன்படுத்திக்கொண்டார். முகாம் மதிப்பீட்டுக்கும் தர்க்கம் உண்டு: ஒரே ஒரு நாள் தேர்வில் காயமோ கெட்ட நாளோ நல்லவரை வீழ்த்திவிடும். ஆயினும் மதிப்பெண் யாருடைய கையில் இருக்கிறது என்பது தோற்றவருக்குத் தெரியும் வரை, எந்த முறையும் ஐயத்திலிருந்து தப்பாது. வெளிப்படையாக நடக்கும் தேர்வுச் சண்டையே எனக்குப் பிடித்தது. இதில் என்னோடு முரண்படும் நல்ல பயிற்சியாளர்கள் உண்டு.

சண்டையே இல்லாமல் முடிந்துபோனவர்களையும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் லண்டனில் தொடங்கிய ஐரோப்பியச் சுற்று கொரோனாவால் மூன்றே நாளில் நின்று, 2021 ஜூனில் பாரிஸ் அருகே தொடர்ந்தது. அமெரிக்கக் கண்டங்களுக்காக புவெனஸ் அயர்ஸில் நடக்கவிருந்த சுற்றும், உலகத் தகுதிச் சுற்றும் நடக்கவே இல்லை. இடங்கள் தரவரிசைப் பட்டியலைப் பார்த்து நிரப்பப்பட்டன. பட்டியலில் கீழே இருந்து, ஒரு நல்ல வாரத்தில் எல்லாரையும் வென்றுவிடலாம் என்று நம்பியிருந்தவர்களுக்கு அந்த வாரமே வரவில்லை.

ஆகவே “எல்லாம் அதிர்ஷ்டம்தான்” என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டாம். டிராவும் நெருக்கமான தீர்ப்பும் அவள் கையில் இல்லை. எந்த எடையில் வளர்வது, அந்த எடையைத் தினமும் இயல்பாகத் தொடுவது, மூன்றாவது ரவுண்டுக்குக் காற்று மிச்சம் வைப்பது, படிவங்களை ஒழுங்காக வைத்துக்கொள்வது எல்லாம் அவள் கையில் இருப்பவை. 2025 மார்ச்சில் ஒலிம்பிக் குழு குத்துச்சண்டையை லாஸ் ஏஞ்சலிஸ் 2028-இல் சேர்க்க முடிவு செய்தது. புதிய அமைப்பான வேர்ல்டு பாக்ஸிங் இப்போது அங்கீகாரம் பெற்றிருக்கிறது. அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஏழேழு பிரிவுகள். எனவே நான் மேலே போட்ட வகுத்தல் கணக்கு அப்படியே அங்கே பொருந்தாது. பாரிஸ் எண்களை வைத்து 2028-க்குத் திட்டமிட வேண்டாம். பெண்களுக்கான எடைகள் 51, 54, 57, 60, 65, 70, 75 கிலோ. 2025 செப்டம்பரில் லிவர்பூலில் நடந்த உலகப் போட்டியில் இந்தியப் பெண்கள் நான்கு பதக்கம் வென்றார்கள். மீனாக்ஷி ஹூடாவின் தங்கம் 48 கிலோவில், நூபுர் ஷியோரனின் வெள்ளி 80-க்கு மேல், பூஜா ராணியின் வெண்கலம் 80-இல். ஒலிம்பிக்கில் உள்ள எடையில் வந்தது ஒன்றுதான், 57 கிலோவில் ஜாஸ்மினின் தங்கம்; இறுதியில் அவர் வென்றது பாரிஸ் வெள்ளி வீராங்கனை, போலந்தின் யூலியா ஷெரெமெட்டாவை.

சென்னையிலிருந்து 1992 பார்சிலோனாவுக்குப் போன தேவராஜனுக்குப் பிறகு நம் ஊர்க் குழந்தைகள் இந்த அளவுக்கு வருவது அரிதாகிவிட்டது என்பதால், அவளைப் பற்றிக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி. அவளுடைய வயது, உயரம், விடுமுறை நாளில் காலையில் சாப்பிடாமல் பார்க்கும் எடை ஆகிய மூன்றையும் எழுதுங்கள். எந்தப் பிரிவை நோக்கி வளரலாம் என்று பேசுவோம். அவள் ஆடுவதைப் பார்க்காமல் நான் சொல்வது ஒரு தொடக்கக் கருத்தாக மட்டுமே இருக்கும். அவளுடைய பயிற்சியாளர் வேறு சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். அதுவரை எடையைக் குறைக்கச் சொல்லி யாரும் அவளைப் பட்டினி போட வேண்டாம்.